உப்பு வந்த வழி: மரே படுகையின் வழக்கும் எங்கள் கிணறும்

பெரியம்மாவின் கிணறு வடஇலங்கையின் வன்னியில், முள்ளியவளைக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில், ஒரு காலத்தில் பாலை மரமும் வீரை மரமும் நெருங்கி நின்ற இடத்தில் இருக்கிறது. மீள்குடியேறி வந்த நாட்களில் அந்தத் தண்ணீரைத்தான் அள்ளிக் குடித்தோம், அப்போது அது இனித்தது. இப்போது சில கோடைகளாகச் சவர் தட்டுகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது, கத்தரிக் கன்றுகளின் இலையோரம் கருகுகிறது, தேத்தண்ணியின் ருசியே மாறிவிட்டது. "தம்பி, கடல் உள்ளுக்கு வந்திட்டுதோ?" என்று பெரியம்மா கேட்டார்.

கடற்கரைக்குப் போக எங்கள் வளவிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியாலம் பிடிக்கும். ஆனாலும் ஊரில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது கடல்தான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஒரே காலையில் முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிப் போனதைப் பார்த்த சனத்துக்கு வேறு என்ன தோன்றும்? பக்கத்து வளவு அண்ணை, றோட்டோரம் குழாய்க்கிணறு அடித்த நாளிலிருந்துதான் இப்படி என்கிறார். யூரியாதான் காரணம் என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. காட்டோரம் குடியிருக்கும் அப்பு ஒருவர் மட்டும் "காடு வெட்டின பிறகுதான் ராசா" என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நானும் போட்டுக்கொள்ளவில்லை.

தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) கூட, குளோரைட்டு (கறியுப்பின் ஒரு கூறு) கூட, ஆகவே கடல்நீர் ஊடுருவல் என்று எழுதி ஒரு தாள் வந்தது. அந்த "ஆகவே" என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. குளோரைட்டு எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அது எங்கிருந்து வந்தது என்பது முற்றிலும் வேறு கேள்வி, முதலாவதற்குக் கிடைத்த பதிலை வைத்து இரண்டாவதை முடிக்க முடியாது. அதுவும் இது வெறும் அறிவுப் போட்டி இல்லை. கடல் வருகிறது என்றால் இறைப்பதைக் குறைக்க வேண்டும். ஆழத்து உவர் மேலே ஏறுகிறது என்றால் அந்தக் குழாய்க்கிணற்றை அடைக்க வேண்டும். வயலில் இருந்து வடிகிறது என்றால் வாய்க்காலைப் பார்க்க வேண்டும். வந்த வழி தெரியாமல் மருந்து போட்டால் காசும் போகும், கிணறும் போகும்.

இந்த வழக்கை முழுதாக நடத்தி முடித்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடித்தான் ஆஸ்திரேலியாவின் மரே படுகைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சந்தேகத்துக்கு உரியவர்கள்

மரே படுகை தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 3 லட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடக்கிறது, அதாவது முழு இலங்கையைப் போல நாலரை மடங்கு. பெரும்பகுதி வறண்ட நிலம், பல இடங்களில் ஆண்டு மழையே 300 மில்லிமீற்றர் அளவுதான். வன்னியில் 1,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வதை நினைத்துப் பாருங்கள், நாங்கள் வறட்சி என்று சொல்வது அவர்களுக்கு நல்ல மாரி. அங்கே நிலத்தடி நீர் சில இடங்களில் குடிக்கக்கூடியது, சில இடங்களில் கடலைவிடப் பல மடங்கு உப்பு. அந்த உப்பு கடைசியில் மரே ஆற்றை நோக்கித்தான் ஊறுகிறது, அந்த ஆற்றுத் தண்ணீரைப் பெரிய அளவில் நம்பித்தான் அடிலெய்ட் நகரம் இருக்கிறது. ஆக உப்பு எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்கும் வயிற்றுக் கேள்விதான்.

முதல் சந்தேகம் பழைய கடல் மீது. படுகைக்குள் கடல் பலமுறை வந்து போயிருக்கிறது, கடைசியாகப் பின்வாங்கிச் சில மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன. சுண்ணாம்புக்கல்லும் சிப்பியும் சாட்சிக்கு இருக்கின்றன. தண்ணீரில் கரைந்த உப்புக்கூறுகளின் (அயன்) கலவையும் கடல்நீரைப் போலவே இருக்கிறது: சோடியமும் குளோரைட்டும் முன்னுக்கு, பிறகு மகனீசியமும் சல்பேற்றும். அப்படியானால் அன்று சிக்கிக்கொண்ட கடல்நீர்தான் இது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது சந்தேகம் பாறை உப்புப் படிவு ஏதாவது கரைகிறது என்பது. மூன்றாவது, பாறைகளே சிதைந்து உப்பு விடுகின்றன என்பது. நான்காவதை முதலில் கேட்டால் நம்பக்கூட மனம் வராது: மழை.

மழைநீரில் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளி காற்றில் காய்ந்து, உப்புத் தூளாக நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பறந்து, மழையோடு இறங்குகிறது. ஒரு லீற்றர் மழையில் சில மில்லிகிராம்தான். அதனால்தான் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சாட்சிகள்

2001இல் ஆன்ட்ரூ ஹெர்செக், ஷவான் டோக்ரமாச்சி, ஃப்ரெட் லீனி ஆகிய மூவரும் படுகை முழுவதுக்குமான இந்தக் கேள்வியை ஒரே ஆய்வுக் கட்டுரையில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் நம்பியது ஒரு சாட்சியை அல்ல, பல சாட்சிகளை ஒன்றோடு ஒன்று மோதவிட்டார்கள். அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எங்கள் கிணற்றுக்கும் வேண்டியது இதே முறைதான்.

முதலில் தண்ணீரையே விசாரிக்க வேண்டும். சமதானி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், ஐசோடோப்பு என்றாலும் அதுதான்: ஒரே மூலகம், நிறை மட்டும் வேறு. தண்ணீரில் சாதாரண ஒட்சிசன்-16 ஓடு கொஞ்சம் ஒட்சிசன்-18 இருக்கிறது, சாதாரண ஐதரசனோடு மிகக் கொஞ்சம் தூத்தேரியம் இருக்கிறது. கடல்நீரைப் பூச்சியமாக வைத்து, அதைவிட எவ்வளவு கூட அல்லது குறைவு என்று ஆயிரத்துக்கு இத்தனை என எழுதுவார்கள். உலகத்து மழைநீரை எல்லாம் இப்படி அளந்து வரைபடத்தில் போட்டால் அவை ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுகின்றன என்று ஹார்மன் கிரெய்க் 1961இல் காட்டினார். தூத்தேரியம் எட்டுப் படி ஏறினால் ஒட்சிசன்-18 ஒரு படி ஏறும், அதுதான் கோட்டின் சரிவு. குளத்திலோ வயலிலோ திறந்து கிடந்து வெயிலில் காயும் தண்ணீரில் இலேசான மூலக்கூறுகள் முந்திப் பறந்துவிடும், பாரமானவை பின்தங்கும், அந்தத் தண்ணீர் மழைக்கோட்டை விட்டு விலகி நாலு முதல் ஆறு வரையான சரிவில் போகும். ஆனால் மரத்தின் வேர் அப்படித் தெரிந்தெடுத்துக் குடிப்பதில்லை. இலேசானதையும் பாரமானதையும் ஒன்றாகவே உறிஞ்சும், உப்பைப் பெரும்பாலும் மண்ணிலேயே விட்டுவிடும். ஆகவே மரம் குடித்து மிஞ்சிய தண்ணீர் பார்வைக்கு மழைநீர்போலவே இருக்கும், உப்பு மட்டும் பல மடங்கு ஏறியிருக்கும்.

எனக்கு இந்த விசாரணையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். காய்ந்து உப்பேறியதா, மரம் குடித்து உப்பேறியதா என்று நாக்குக்குத் தெரியாது, மின்கடத்துதிறன் மானிக்கும் தெரியாது, ஆனால் அந்தத் தண்ணீருக்குத் தெரியும்.

மரே படுகையின் நிலத்தடி நீர் மழைக்கோட்டை ஒட்டியே கிடந்தது, கடலின் பூச்சியத்தை நோக்கி நகர்ந்திருக்கவில்லை. கணக்குப் போட்டால் இதன் கனம் புரியும். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைட்டு. ஒரு கிணற்றில் 5,000 இருக்கிறது, அது கடல் கலந்துதான் வந்தது என்றால் நாலில் ஒரு பங்குக்கு மேல் கடல்நீராக இருக்க வேண்டும், அப்போது அந்தத் தண்ணீரின் ஒட்சிசன்-18 எண்ணும் நாலில் ஒரு பங்கு கடலை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை என்றால் உப்பு கடல் உப்பாக இருக்கலாம், தண்ணீர் கடல்நீர் இல்லை. உப்புக்கு ஒரு கதை, தண்ணீருக்கு வேறு கதை.

அடுத்தது குளோரைட்டுக்கும், அதைப் போன்ற இன்னொரு அயனான புரோமைட்டுக்கும் உள்ள விகிதம். இது சமதானி இல்லை, ஆனாலும் இதைச் சேர்க்காமல் யாரும் வழக்கு நடத்துவதில்லை. கடல்நீரில் நிறைப்படி குளோரைட்டு புரோமைட்டைப் போல 290 மடங்கு. கடல்நீர் காய்ந்து கல்லுப்பாகும்போது புரோமைட்டு பளிங்குக்குள் எளிதில் போகாமல் வெளியே நின்றுவிடும், அதனால் உப்புப் பாறை கரைந்த தண்ணீரில் இந்த விகிதம் ஆயிரக்கணக்கில் ஏறும். மரே படுகையில் அப்படி ஏறவில்லை. பாறை உப்பு என்ற இரண்டாவது சந்தேகம் இதோடு விழுந்தது.

ஸ்ட்ரோன்சியம் என்ற மூலகம் பாறைக்காகப் பேசும் சாட்சி. ருபீடியம்-87 மெல்ல மெல்லச் சிதைந்து ஸ்ட்ரோன்சியம்-87 ஆகும், அதன் அரைவாழ்வு (பாதி சிதைய எடுக்கும் காலம்) கிட்டத்தட்ட 4,900 கோடி ஆண்டு, ஆகவே பழைய பாறையில் அது கூடிக்கொண்டே போயிருக்கும். இன்றைய கடலில் ஸ்ட்ரோன்சியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் 0.7092, உலகத்தின் எந்தக் கடலிலும் அதுதான். கருங்கல் வகைகள் பொதுவாக அதைவிட மேலே நிற்கும். மரே படுகையில் பாறையும் சுண்ணாம்புக்கல்லும் கொஞ்சம் கைகொடுத்திருப்பது இதில் தெரிந்தது, ஆனால் உப்பின் பெரும்பங்குக்கு அவை பொறுப்பில்லை.

சரி, மிஞ்சியது இரண்டு பேர்: பழைய கடலும் மழையும். இரண்டும் கடல் உப்புத்தான், குளோரைட்டு-புரோமைட்டு விகிதமும் ஒன்றுதான், பிரிப்பது எப்படி? இங்கேதான் குளோரீன்-36 வருகிறது. விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தின் ஆகனை உடைக்கும்போது இது உண்டாகி மழையோடு இறங்குகிறது, அரைவாழ்வு 3,01,000 ஆண்டு. கடலில் குளோரைட்டு அவ்வளவு பெரிய குவியலாக இருப்பதால் அதற்குள் இது இருந்தும் இல்லாததுபோலத்தான். நிலத்தில் பெய்யும் மழையில் கடலைவிட்டு உள்ளே போகப் போகக் கடல் உப்பு குறைய, குளோரீன்-36இன் விகிதம் ஏறும். ஆக அன்று சிக்கிய கடல்நீர் என்றால் இந்த விகிதம் அடிமட்டத்தில் கிடக்க வேண்டும். மூன்று மில்லியன் ஆண்டு என்றால் பத்து அரைவாழ்வு, தொடக்கத்தில் ஏதாவது இருந்திருந்தாலும் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சும். படுகையின் நீரில் மழையின் அடையாளம் இருந்தது.

தீர்ப்பு இப்படி: உப்பு மழையோடும் தூசியோடும் வந்து விழுந்தது, மரங்கள் தண்ணீரைக் குடித்து உப்பை விட்டுவைத்தன. இன்றைக்கும் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் தொன் புதிய உப்பு மழையோடு அந்தப் படுகையில் இறங்குகிறது, நிலத்தடி நீரில் கரைந்து கிடப்பது சுமார் 10,000 கோடி தொன். வகுத்துப் பாருங்கள், அறுபது எழுபதாயிரம் ஆண்டு மழை போதும். படுகையின் வயதுக்கு அது ஒரு நாள் மாதிரி.

இதில் மரத்தின் பங்கைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே மல்லி என்று யூக்கலிப்டஸ் புதர்க்காடு. அது நின்ற காலத்தில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட நிலத்தடிக்குப் போகவில்லை, பெய்ததெல்லாம் வேரே குடித்தது, உப்பு வேரடி மண்ணில் தங்கியது. ஐரோப்பியர் வந்து கோதுமைக்கும் மேய்ச்சலுக்கும் அதை வெட்டினார்கள். கோதுமையின் வேர் அவ்வளவு குடிக்காது, தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கியது, இறங்கும் தண்ணீர் ஆயிரக்கணக்கான ஆண்டு சேர்ந்த உப்பையும் தள்ளிக்கொண்டு போனது. வெட்டிய உடனே தெரியாது, பல பத்தாண்டு கழித்துத்தான் ஆற்றில் தெரியும். இப்போது ஆற்றங்கரையில் உவர் நீரைக் குழாய்க்கிணறுகளால் இறைத்து எடுத்து, தள்ளி உள்ள தேக்கங்களில் காயவிடுகிறார்கள்.

இதை வாசித்த இரவு அந்த அப்புவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

எங்கள் கிணற்றுக்கு வந்தால்

அவசரப்பட்டு அப்பு சொன்னதுதான் சரி என்று எழுதிவிட முடியாது. வன்னி மரே படுகை இல்லை. இங்கே மழை அதிகம், காடு நின்ற காலத்திலும் மாரியில் தண்ணீர் நிலத்துக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆகவே அங்கே போல உப்பு அவ்வளவு தடிப்பாகச் சேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. நிலமும் வேறு. மன்னார்ப் பக்கமும் வடக்குக் கரையோரமும் மயோசீன் என்ற பழைய காலத்துச் சுண்ணாம்புக்கல். எங்கள் பக்கம் அடியில் பழைய நைஸ் பாறை, புவியியல் வரைபடத்தில் வன்னித் தொகுதி என்றே அதற்குப் பெயர், ஐம்பது கோடி ஆண்டுக்கும் முன் வெந்து உருமாறியது. தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான். பத்து யார் தள்ளிப் போனால் கிணறு வேறு குணம் காட்டும். ஒரு கிணற்றை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாத நிலம் இது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் மழையில் லீற்றருக்கு 5 மில்லிகிராம் குளோரைட்டு என்று வைத்துக்கொள்வோம், இது கணக்குக்காக எடுத்த எண்தான். பெய்ததில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கீழே இறங்கினால் அதில் 50 மில்லிகிராம் இருக்கும், ஐம்பதில் ஒரு பங்கு என்றால் 250. நாக்கில் உப்புத் தெரியத் தொடங்குவதே அந்த 250 அளவில்தான். ஒரு துளி கடல்நீரும் இல்லாமல் இவ்வளவு தூரம் வரலாம். மறுபக்கம், நூறு வாளி நல்ல தண்ணீரில் ஒன்றரை வாளி கடல்நீர் விழுந்தாலும் அதே 250ஐத் தாண்டிவிடும். இரண்டும் ஒரே ருசி.

இந்த இடத்தில்தான் எங்கள் வழக்கு மரே வழக்கைவிடக் கடினம். 5,000 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் கடல் கலந்திருந்தால் ஒட்சிசன்-18 காட்டிக்கொடுக்கும். ஒன்றரைச் சதவீதக் கலப்பு அதில் தெரியவே தெரியாது. அப்போது ஸ்ட்ரோன்சியத்தைத்தான் நம்ப வேண்டும். கடல்நீரில் அது லீற்றருக்குச் சுமார் 8 மில்லிகிராம், நூறு வாளிக்கு ஒன்றரை வாளி கடல் சேர்ந்தாலே 0.12 மில்லிகிராம் கூடும், பாறைக் கிணற்றில் இயல்பாக இருக்கும் அளவுக்கு முன்னால் அது சின்ன எண் இல்லை, விகிதம் 0.7092ஐ நோக்கி இழுபடும். போரன் என்ற மூலகமும் உதவும், இதற்குக் கடல் பூச்சியம் இல்லை, கடலின் போரன்-11 எண் ஆயிரத்துக்கு +39 தாண்டி நிற்பதால் கழிவுநீரில் இருந்து அதைப் பிரித்துவிடலாம்.

குளம் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை ஊரில் யாரும் சொல்லவில்லை. முத்தையன்கட்டுக் குளத்து நீர் பாயும் வயல்கள் இந்தப் பக்கம் உண்டு. மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த குளத்து நீர் மழைக்கோட்டை விட்டு விலகியிருக்கும், அது வயலில் பாய்ந்து, மீண்டும் காய்ந்து, கீழே ஊறிக் கிணற்றுக்கு வந்தால் அந்த விலகலைக் கையோடு கொண்டுவரும். கிணற்று நீர் கோட்டில் இருந்து விலகியிருந்தால் குளத்தையும் வயலையும் பார்க்க வேண்டும். கோட்டிலேயே நின்று உப்பு மட்டும் ஏறியிருந்தால் மரத்தையும் மண்ணையும் பார்க்க வேண்டும், அப்பு சொன்ன கதைக்கு அப்போதுதான் இடம். யூரியாவைப் பொறுத்தவரை அது குளோரைட்டைத் தராது, நைத்திரேற்றைத்தான் தரும், அதன் நைதரசன்-15 எண் பூச்சியத்தை ஒட்டி இருக்கும், மாட்டெருவும் மலகூடக் குழியும் என்றால் +10, +20 வரை ஏறும். ஆனால் வயலுக்குப் போடும் எம்.ஓ.பி. உரம் பொட்டாசியம் குளோரைட்டு, அதைச் சந்தேகப் பட்டியலில் இருந்து எடுக்க மாட்டேன்.

நாங்கள் முதல் முறை மாதிரி எடுத்தது பிழைத்துப் போனது. பாதி நிரம்பிய சோடாப் போத்தலில் எடுத்து, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்து, பங்குனி வெயிலில் இரண்டு நாள் ஓடித் திரிந்தேன். போத்தலுக்குள் மிஞ்சிய காற்றிடத்தில் தண்ணீர் ஆவியாகும், மூடி இறுக்கம் இல்லை என்றால் அது வெளியேறும், ஒட்சிசன்-18 எண் தானாக ஏறும், கிணறு செய்யாத குற்றம் கிணற்றின் மேல் விழும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்: இரட்டை மூடி உள்ள சின்னப் போத்தல், அறுபது மில்லிலீற்றர் போதும், குமிழி இல்லாமல் வழிய வழிய நிரப்ப வேண்டும், அமிலம் எதுவும் விடக்கூடாது. ஸ்ட்ரோன்சியத்துக்கு என்றால் தனிப் போத்தல், வடிகட்டி, தூய நைத்திரிக் அமிலம் சில துளி. குழாய்க்கிணறு என்றால் பழைய தண்ணீர் போகும்வரை இறைத்த பிறகுதான் பிடிக்க வேண்டும்.

ஒட்சிசனும் தூத்தேரியமும் அளக்க இப்போது லேசர் கருவிகள் வந்துவிட்டன, பழையபோலச் செலவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க உலக மழைநீர் எண்களை வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் இருந்து திரட்டி வருகின்றன. குளோரீன்-36 எங்கள் கைக்கு எட்டாது, அதற்குத் துகள்களை முடுக்கும் பெரிய கருவி (வேகமுடுக்கி) வேண்டும். எட்டாததை விட்டு எட்டியதைச் செய்வோம் என்று முடிவெடுத்தோம்.

எந்தத் தண்ணீரை எடுப்பது என்பதைப் பெரியம்மாவின் திண்ணையில் இருந்துதான் தீர்மானித்தோம். பெரியம்மாவின் கிணறு, றோட்டோரக் குழாய்க்கிணறு, வயல் வாய்க்கால், குளம், கரையோரத்தில் ஒரு பூவல் (மணலில் தோண்டிய ஆழமில்லாத கிணறு), நந்திக்கடல் களப்பு நீர், அப்புறம் மழை. மழைக்கு ஒரு பெரிய கலனும் புனலும், காயாமல் இருக்க மேலே பரபின் எண்ணெய் ஒரு படை. மாரி முடிந்து தை கடைசியில் ஒரு தடவை, சோளகம் வீசி முடிந்து ஆவணியில் இன்னொரு தடவை. கோடையில் உப்பு ஏறி மாரியில் இறங்குகிறதா, அல்லது இரண்டு காலமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

காட்டோரத்து அப்புவின் கிணற்றையும் சேர்க்க வேண்டும் என்று பெரியம்மாதான் சொன்னார். அவருடைய வளவைச் சுற்றி இன்னும் முதிரையும் பாலையும் நிற்கின்றன. கிணற்றுத் தண்ணீரும் இனிப்பு. நாங்கள் போனபோது வாளியை இறக்கி அவரே அள்ளித் தந்தார், "குடிச்சுப் பாருங்கோ, பிறகு போத்தல்ல பிடியுங்கோ" என்றார்.